பக்கத்து அறை வெடி

ஜனவரி 11

அண்ணாவுக்கு,

நீ மனுஷத்தன்மை இல்லாதவனாகிவிட்டாய். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

பெரியப்பா இறந்த அன்று தையல் கம்பெனியில் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு, கடையிலிருந்து உங்கள் ஆபீஸ் வளாக கேட்டுக்குப் போன் போட்டேன். ஆள் அனுப்பி உன்னைக் கூட்டிவந்தார்கள். "அண்ணா, பெரியப்பா போயிட்டாரு" என்றேன். நீ "அப்படியா, ரொம்ப சந்தோஷம். நானும் விசாரிச்சதாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

பக்கத்தில் நின்ற அம்மா "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "அழுதான்" என்று சொன்னேன். அம்மாவிடம் நான் சொன்ன பொய்களிலேயே இதுதான் பெரியது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போட்டுவிட்டேன். நீ கேட்டுக்கே வருவதில்லை. "சொல்லி அனுப்பிட்டேம்மா, வேலையா இருக்காராம்" என்கிறார் காவலாளி. அரசாங்கத் தோட்டா ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை, கூடவே வீடும் கொடுத்துவிட்டார்கள் என்றதும் சொந்தக்காரன் செத்தால்கூட சந்தோஷம் வருமா? நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். எங்களுக்கு அழத் தெரியும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. அண்ணிக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல். உனக்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


ஜனவரி 29

வாயாடிக்கு,

நீ சுகமாக இருப்பது உன் கடிதத்தின் சூட்டிலேயே தெரிந்துவிட்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம். குழந்தைக்குப் பல் முளைக்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள். அத்தையின் குணத்தைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

பெரியப்பா இறந்ததை உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். கேட் போனில் ஒரே கரகரப்பு. 'பெரியப்பா வந்திட்டாரு' என்று நீ சொன்னதாக நினைத்துவிட்டேன். கடிதத்தைப் படித்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நீ அம்மாவிடம் சொன்ன பொய் இப்போது பொய் இல்லை.

இனி போன் வேண்டாம், எழுது. எழுத்தில் கரகரப்பு வராது. அப்புறம், இந்த வளாகத்துக்குள் இருக்கும் தபால் பெட்டியில் போட்டால் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். வெளியிலிருந்து வருகிறதைப் பிரிப்பதில்லை. அதனால் இதைத் தாடி டவுனில் போடுவார். தாடி என்னோடு வேலை செய்கிறவர், எங்கள் பகுதியிலேயே மூத்தவர். தாடியை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் சிரைக்க வரவில்லை.

வேலை வழக்கம்போலத்தான். புதுசாக ஒரு தோட்டா செய்திருக்கிறார்கள். எடை குறைவு, வேகம் அதிகம் என்று பேச்சு. செய்வது அவர்கள், சுட்டுப் பார்ப்பது நாங்கள்.

அம்மா தினமும் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 10

அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

லைன் கரகரப்பு என்று எழுதியிருந்தாய். எனக்கு அன்றைக்கு உன் மூச்சுகூடக் கேட்டது.

எங்கள் கம்பெனியில் பட்டன் தைக்கிற இடத்தில் ஒரு அக்கா இருந்தார். முன்னால் நூல் மில்லில் இருந்தவர். மேஸ்திரி என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். போன மாதம் மேஸ்திரி அவரிடம் வந்து "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று சொன்னான். அவர் அதே சிரிப்போடு "சரிங்க சார்" என்றார். மறுநாள் காலையில் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். மொத்த வரிசையும் சிரித்தது. நானும் சிரித்தேன் அண்ணா. பிறகுதான் தெரிந்தது, அவருக்கு மில்லிலேயே காது போயிருக்கிறது.

உன்னுடைய 'ரொம்ப சந்தோஷம்' அந்த 'சரிங்க சார்' மாதிரியே இருந்தது. யோசித்துப் பார்த்தால் போன வருஷம் நீ வந்திருந்தபோதும் அப்படித்தான். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். திமிர் என்று நினைத்துக்கொண்டோம்.

உனக்குக் காது கேட்கவில்லை. ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. பல் முளைப்பதைப் பற்றி எழுதாதே.

தங்கை


மார்ச் 4

வாயாடிக்கு,

ஆமாம்.

இதை எழுதிவிட்டு மேஜையை விட்டு எழுந்து போய்விட்டேன். திரும்ப உட்கார இவ்வளவு நாள் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் கோபிக்காதே.

இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் கேட்கும், அதுவும் எதிரில் நின்று உதட்டை அசைத்துப் பேசினால். உன் அண்ணிக்கும் தாடிக்கும்தான் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

வேலை எப்படி என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீளமான கான்கிரீட் அறை. ஒரு முனையில் துப்பாக்கிக் குழலை இரும்புத் தாங்கியில் இறுக்கி வைத்திருப்பார்கள். நான் தோட்டாவைப் போட்டு, குழலின் பின்பக்கத் தாழைத் தள்ளி மூடிவிட்டு, தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் நிற்பேன். அங்கிருந்து தாடி கயிற்றை இழுப்பார். வெடித்ததும் போய்த் தாழைத் திறந்து பித்தளைக் கூட்டை எடுத்துவிட்டு அடுத்த தோட்டாவைப் போடுவேன். நாள் முழுக்க இதுதான்.

சத்தத்தையும் அளக்கிறார்கள். நாங்கள் நிற்கும் இடத்தில், என் காதை ஒட்டி, கம்பத்தில் ஒரு மைக் இருக்கிறது. அதற்குப் பஞ்சு உறை, மழை நாளில் பிளாஸ்டிக் உறை. மாதம் ஒரு தடவை அதன் ஆரோக்கியத்தைப் பரிசோதிக்க இன்ஜினீயர் வருவார். பக்கத்தில் இருக்கும் காதைப் பார்த்ததில்லை. காதை மூடும் நல்ல கருவிகள் அலமாரியில் இருக்கின்றன, பார்வையிட வருகிற பெரியவர்களுக்கு. எங்களுக்குப் பஞ்சு. அதையும் நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பயப்படாதே. இந்த வேலைக்குக் காது வேண்டாம். குண்டு வெடித்தால் நெஞ்சில் ஒரு குத்து விழும், உள்ளங்கால் வரைக்கும் இறங்கும். அதை வைத்தே தெரிந்துகொள்கிறேன். மற்றபடி ஏதாவது புரியாவிட்டால் தலையாட்டிவிடுவேன். ஆபீஸில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

வெளியே தெரிந்தால் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டையும் காலி செய்ய வேண்டும். மறைத்து வேலை செய்தாய் என்று வழக்கும் வரலாம். அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்


மார்ச் 16

அண்ணாவுக்கு,

அம்மாவிடம் சொல்லவில்லை. முழங்கால் கொஞ்சம் தேவலை. உன்னை நினைத்து நான்தான் சரியாகத் தூங்கவில்லை.

மைக்குக்கு உறை போட்ட கையால் உனக்கும் ஒரு உறை போட முடியாதா அவர்களால்? இங்கே ஊசி விரலில் ஏறினால் மேஸ்திரி முதலில் துணியில் ரத்தக்கறை இருக்கிறதா என்று பார்ப்பான். அவனைவிட மோசமானவன் உலகத்தில் இல்லை என்று இதுவரை நினைத்திருந்தேன்.

நான் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. வெடித்தால் நெஞ்சில் தெரியும் என்கிறாய். வெடிக்காவிட்டால்?

தங்கை


ஏப்ரல் 12

வாயாடிக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுதவும். குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நீ தையல் கம்பெனியில் இருப்பது வீண். நீ கேட்ட கேள்வியை இங்கே பெரிய படிப்புப் படித்தவர்கள் மீட்டிங் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தோட்டாவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். நாங்கள் பொட்டு என்போம். குழலுக்குப் பின்னாலிருக்கும் ஊசி அதைக் குத்தினால்தான் உள்ளே வெடிமருந்து பற்றும். இந்தப் புதுத் தோட்டாவுக்குப் பொட்டும் புதுசு. ஈயம் இல்லாதது, சுட்டால் நச்சுப் புகை வராது. நல்ல எண்ணம்தான். ஆனால் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்து எடுத்துச் சுட்டால் சில சமயம் சோம்பேறித்தனம் செய்கிறது. ஊசி குத்தும், சத்தம் இருக்காது. அதற்கு எங்கள் பேச்சில் ஊமை என்று பெயர். சில ஊமை கடைசிவரை ஊமைதான். சிலது உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வெடிக்கும். அதனால் வெடிக்காவிட்டால் தாடி "ஊமை" என்று சத்தமாகச் சொல்வார். அவர் கடிகாரத்தைப் பார்த்துப் 'போகலாம்' என்று சொல்கிறவரை யாரும் சுவரைத் தாண்டக் கூடாது. தாழ் மூடியிருக்கும்போது வெடித்தால் குழல் தாங்கிக்கொள்ளும். திறந்துவைத்திருக்கும்போது வெடித்தால் பித்தளைக் கூடு சிதறி முகத்துக்கு வரும்.

எனக்கு அவர் சொல்வது கேட்காது என்பதால் ஊமை விழுந்தால் என் தோளைப் பிடித்துக்கொள்வார். அவர் கை எடுத்தால்தான் நான் நகர்வேன். இந்த ஏற்பாடு யாருக்கும் தெரியாது. நாங்கள் ரொம்ப சிநேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "என்னப்பா, தோள்ல கை போட்டுக்கிட்டே சுடுறீங்க" என்று ஒரு நாள் ஆபீசர்கூடக் கேலி செய்தார்.

இப்போது மேலேயிருந்து ஒரே நெருக்கடி. பெரியவர்கள் வருவதற்குள் புதுத் தோட்டா தேறியாக வேண்டுமாம். அதனால் அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து அறையிலும் குழல் மாட்டிச் சுடப்போகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு அறையில் சுடக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. அந்த எழுத்தின் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டார்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் எனக்கும் லீவு கிடைக்கும். வந்து உன் வாயை நேரில் பார்க்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இன்றே இதைத் தபாலில் போட வேண்டும்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டேன். குண்டு வெடித்ததை நெஞ்சில் விழும் குத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். பக்கத்து அறையில் வெடித்தாலும் அதே நெஞ்சில்தானே குத்தும்? உன் குழலில் இருப்பது ஊமை, பக்கத்தில் வெடித்தது வேறு என்று உன் நெஞ்சுக்கு யார் சொல்வார்கள்? காது இருக்கிறவனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியும். உனக்கு? தாடியின் கை ஒரே ஒரு தடவை தாமதமானால்?

நாளைக்கே ஆபீசரிடம் போய்ச் சொல். வேலை போகட்டும். வீடு போகட்டும். அம்மா, நான், நீ, அண்ணி, குழந்தை எல்லோரும் இந்த ஒரு அறையில் படுத்துக்கொள்ளலாம். நீ சொல்லாவிட்டால் நானே எழுதிப் போடுவேன்.

பதிலை உடனே எழுது.

தங்கை


ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கு நான், மனைவி, குழந்தை அனைவரும் இறைவன் அருளால் சௌக்கியம். தாயாரின் உடல்நிலையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்.

பணிச்சுமை காரணமாக இடையில் கடிதம் எழுத இயலவில்லை. வேலை நல்லபடியாக நடக்கிறது. மேலதிகாரிகள் அன்பாக இருக்கிறார்கள். அண்மையில் எனக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. செவி உட்பட எல்லாம் சரியாக இருப்பதாக மருத்துவர் எழுதியிருக்கிறார். எனவே வீண் கவலை வேண்டாம். அலுவலகத்துக்கு எதுவும் எழுத வேண்டாம்.

நண்பர் தாடி சிறிது காலம் ஊரில் இல்லை. கடிதங்களை இனி வளாகப் பெட்டியிலேயே போடுகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூன் 15

நாத்தனாருக்கு, அண்ணி எழுதுவது.

அத்தையும் நீயும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டவுனுக்கு மருந்து வாங்க வந்த இடத்தில், கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குழந்தை மடியில் இருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அவளைத் திட்டு.

உன் அண்ணன் அனுப்பிய கடிதத்தைப் படித்திருப்பாய். அது அவர் எழுதியதில்லை. கைதான் அவருடையது. வளாகப் பெட்டியைப் பிரித்துப் படிக்கிறவர்களுக்காக எழுதிய கடிதம் அது.

நீ பயந்தது நடந்துவிட்டது. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாடி அண்ணன்தான் ஆஸ்பத்திரியில். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றையும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு இரண்டு அறையிலும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் கதவருகே நின்று "வேகமா, வேகமா" என்று விரட்டிக்கொண்டே இருந்தாராம். கயிற்றை இழுத்த தாடி அண்ணன் அவருக்குப் பதில் சொல்லத் திரும்பினார். குழலில் விழுந்தது ஊமை. அதே நேரத்தில் பக்கத்து அறையில் வெடித்தது. இவருக்கு நெஞ்சில் குத்தியது. தன்னுடையதுதான் வெடித்தது என்று சுவரைத் தாண்டிப் போய்த் தாழைப் பிடித்து இழுத்தார். தாடி அண்ணன் கத்தினார். கத்தி என்ன பிரயோஜனம்? அப்புறம் ஓடிப்போய் இவரைத் தோளால் இடித்துத் தள்ளினார். தோட்டா அப்போதுதான் வெடித்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். விசாரணை வைத்தார்கள். ஆபீசர் தலையைக் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார். உதடு தெரியாமல் இவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. வழக்கம்போலத் தலையாட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் அறிக்கையைக் கையில் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, எதற்குத் தலையாட்டினார் என்று. "தாடி எச்சரிக்கை சொல்லாமல் முதலில் ஓடினார், நீ அவரைத் தடுக்கப் பின்னால் போனாய், அப்படித்தானே?" என்று கேட்டார்களாம். இவர் ஆமாம் என்றிருக்கிறார். தாடி அண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இவருக்குப் பாராட்டு. இரண்டு அறையில் ஒரே நேரத்தில் சுட்டதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

தாடி அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இவருடைய காது வெளியே வரும், தெரிந்தே மறைத்ததற்கு அவரும் மாட்டுவார். டாக்டர் இவரை எதிரே உட்கார வைத்து "கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுவிட்டுப் பாஸ் போட்டார். எதிரில் உட்கார்ந்து கேட்டால் சுவருக்குக்கூடப் பாஸ் போடலாம்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவரை நெருக்காதே. ஆபீசுக்கு எழுதாதே. உள்ளே நடப்பதை வெளியே சொன்னதற்கு முதலில் அவரைத்தான் பிடித்து உள்ளே வைப்பார்கள். ராத்திரி குழந்தை அழுதால் அவருக்குத் தெரியாது என்று தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு படுக்கிறவர் அவர். அவரை எப்படி ஜெயிலுக்கு அனுப்புவது?

அண்ணி


ஜூன் 24

அண்ணாவுக்கு (அண்ணி, நீங்களும் படியுங்கள்),

இங்கே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது நலம். தாடியின் மற்றக் கண் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அண்ணி, நான் ஆபீசுக்கு எழுத மாட்டேன். நீங்கள் சொன்ன காரணம் புரிகிறது. ஆனால் நெருக்காதே என்று சொல்கிறீர்கள், அது என்னால் முடியாது.

அண்ணா, தலையாட்டியது உன் தப்பில்லை. உன் முகத்தைப் பார்க்காமல் கேட்டவனின் தப்பு. அவனுக்கு வேண்டிய பதில் அதுதான், உன் தலை அதற்கு வசதியாக ஆடியது. ஆனால் அறிக்கையைப் படித்த பிறகும் சும்மா இருக்கிறாயே, அதை யார் கணக்கில் வைப்பது? உனக்காக முகத்தைக் கொடுத்தவரை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நீ பாராட்டை வாங்கி எங்கே வைத்தாய்? சட்டம் போட்டு மாட்டிவிட்டாயா?

எங்கள் கம்பெனி அக்காவைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதியிருந்தேனே. நேற்று அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். எதிரில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்று கேட்டேன். "யாரும் கேக்கலையேம்மா" என்றார்.

நான் கேட்கிறேன். சொல்.

தங்கை


ஜூலை 13

வாயாடிக்கு,

அம்மாவின் காய்ச்சலைக் கேட்டு வருத்தம். இனி ஈரத்தில் நிற்க விடாதே. இதை உன் அண்ணி டவுனில் போடுவாள்.

சொல்லத்தான் போனேன். ஆபீசர் அறையில் அவர் முன்னால் நின்றேன். அவர் எழுந்து வந்து கையைக் குலுக்கி, உட்கார வைத்து, டீ வரவழைத்தார். என்னென்னவோ பேசினார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசினார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். தலையாட்டினேனா என்று கேட்காதே.

தாடியைப் பார்க்கப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. நான் வந்திருக்கிறேன் என்று நர்ஸ் சொன்னதும் கையை நீட்டித் துழாவினார். நான் குனிந்தேன். தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை, எனக்கு அவர் குரல் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "இப்ப யாரு பிடிக்கிறா?" என்று கேட்டார். அவர் கையின்மேல் என் கையை வைத்தேன். இன்னும் யாரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

மறுபடியும் அதே அறையில்தான் போட்டிருக்கிறார்கள். பக்கத்து அறையிலும் சுடுகிறார்கள். அறிக்கையில் இல்லாத தப்பை எப்படித் திருத்துவார்கள்? கயிற்றை இழுக்க ஸ்டோரிலிருந்து ஒருவரை மாற்றியிருக்கிறார்கள். நல்ல மனுஷன். குரல் தணிவு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார், முன்பல் உடைந்திருப்பதால் கூச்சம்.

நாள் முழுக்க வெடித்ததா, இது எங்களுடையதா, அவர்களுடையதா என்று யோசித்துக்கொண்டே நிற்கிறேன். நெஞ்சில் குத்தியதும் உடனே போகாமல் கொஞ்சம் தயங்குகிறேன். "என்னப்பா, பயந்துட்டியா?" என்று ஆபீசர் கேலி செய்கிறார். அதை மட்டும் அவர் என் எதிரே நின்று கேட்கிறார்.

பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அடுத்த மாதம் வருகிறார்கள். அதற்குப் பிறகு கட்டாயம் சொல்கிறேன்.

குழந்தை நடக்கிறாள்.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அண்ணாவுக்கு,

ஜூலை கடைசியில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. அண்ணிக்குத் தனியாக எழுதினேன், அதற்கும் இல்லை. அம்மாவிடம் உனக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று கேட்டுக்குப் போன் போட்டேன். பழைய காவலாளி இல்லை, வேறு ஆள். உன் பகுதியைச் சொன்னேன். "அந்தப் பகுதிக்கு இப்ப யாரையும் கூப்பிட மாட்டோம்மா" என்றார். பெரியவர்கள் வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். வைத்துவிட்டார். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் ஊசி இறங்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. மேஸ்திரி இன்று வரிசை முழுக்கக் கேட்கும்படி திட்டினான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆபீசரிடம் சொல்லு என்று இப்போது கேட்கவில்லை. அறிக்கையைத் திருத்து என்றும் கேட்கவில்லை. அதையெல்லாம் பிறகு கேட்பேன், விட மாட்டேன். இன்றைக்கு ஒன்றே ஒன்று. உன்னோடு சுவருக்குப் பின்னால் நிற்கிறாரே, வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறவர், அவருக்கு உன் காதைப் பற்றித் தெரியாது. உன் பின்னால் நின்று 'ஊமை' என்று சொல்லிவிட்டு, தன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார். நீ சுவரைத் தாண்டிப் போனால் அவரும் தாடியைப் போலத்தான் உன் பின்னால் ஓடி வருவார். அவர் நல்ல மனுஷன் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அவரிடம் சொல்லிவிட்டாயா? வேறெதுவும் எழுத வேண்டாம். சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு.

தங்கை